கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம்: வருஷத்தைச் சொல்ல அவசரப்படாதீர்கள்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், சிப்பிங் ஓங்கர் ஊருக்குப் பக்கத்தில் கிரீன்ஸ்டெட் என்றொரு சின்னக் கிராமம். அங்குள்ள புனித அந்திரேயா தேவாலயத்தின் நடுக்கூடச் சுவர், பாதியாகப் பிளந்த ஓக் அடிமரங்களை வரிசையாக நிறுத்திக் கட்டியது. இன்றும் வழிபாடு நடக்கும் பங்குக் கோயில்தான். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: “கி.பி. 845-இல் கட்டப்பட்டது.”

அது காலாவதியான கணிப்பு. 1995-இல் மரத்தின் ஆண்டு வளையங்களை மறுபடி ஆராய்ந்தபோது, எஞ்சியிருந்த கடைசி வளையம் 1053-ஐச் சேர்ந்தது என்று தெரிந்தது. அப்படியானால் 1053-இல் கட்டியது என்று எழுதலாமா? கூடாது. பட்டையும் அதை ஒட்டிய வெளிறும் போய், வைரம் பாய்ந்த பகுதி மட்டுமே மிஞ்சியிருக்கும் கட்டைகள் இவை. போன வளையங்களுக்காகப் பத்திலிருந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் வரை கூட்டியாக வேண்டும். மரம் வெட்டப்பட்டது 1063-க்கும் 1108-க்கும் இடையில் என்று ஆகிறது. பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வந்து, அதுவரை இருந்த சாக்சன் ஆட்சியை முடித்த 1066 இந்த இடைவெளிக்குள்ளேயே விழுவதால், “சாக்சன் காலத்துக் கோயில்” என்று அடித்துச் சொல்வதும் ஆபத்துதான்.

இன்னொரு சிக்கல், ஒன்பதாம் நூற்றாண்டில் கொல்லப்பட்டுப் புனிதராகப் போற்றப்பட்ட எட்மண்ட் அரசரின் கதை. 1013-இல் அவர் உடலை லண்டனிலிருந்து பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊருக்குக் கொண்டுபோன வழியில் இங்கே ஓரிரவு வைத்தார்கள் என்பது மரபு. அந்த மரபு பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் இப்போது நிற்கும் சுவர் அப்போது இல்லை. 1960-இல் தோண்டியபோது பலிபீடப் பகுதியின் அடியில் இதைவிடப் பழைய மரக் கட்டடங்களின் தடயம் கிடைத்தது. இடத்தின் வயது வேறு, கட்டடத்தின் வயது வேறு.

கட்டடத்துக்குமே ஒரே வயது கிடையாது. சுற்றி ஒரு நடை நடந்தால் புரிந்துவிடும். பலிபீடப் பகுதி சுமார் 1500-ஐச் சேர்ந்த டியூடர் செங்கல். அதன் அடியில் சிக்கிமுக்கிக் கல் வைத்த நார்மானிய அடித்தளம் கொஞ்சம் தெரியும். வெள்ளையடித்த பலகை மணிக்கூண்டும் கூரை ஜன்னல்களும் பிற்காலத்தவை. மரச்சுவர் நிற்கும் செங்கல் அடிமானம் விக்டோரியா காலத்து வேலை: 1848-ஐ ஒட்டிய பழுதுபார்ப்பில் மக்கிப்போன அடிப்பகுதியை அறுத்துவிட்டு, கட்டைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தார்கள். ஆகவே சுவரின் இன்றைய உயரத்தை அளந்து “பழைய தச்சர் இவ்வளவு உயரம் வைத்தார்” என்று எழுதினால் தப்பு.

பார்க்க வேண்டியதை விட்டுவிடுவதும் ஒரு தவறு. வெளியே நின்று உருண்டை முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். உள்ளே அதே மரத்தின் தட்டை முகம் இருக்கிறது. அதில் வாச்சியால் செதுக்கிய கொத்துத் தடம் இன்னும் தெரிகிறது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே பள்ளம் எடுத்து, மெல்லிய சட்டம் செருகி, காற்று புகாமல் இணைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், தேதிச் சண்டையைவிட இந்த இணைப்பு சுவாரசியமானது.

சுவரில் உள்ள சிறு துளையைக் காட்டி, தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை பார்த்த துளை என்பார்கள். இங்கிலாந்தில் எத்தனையோ கோயில்களில் இதே கதை! தொழுநோயாளிகளை ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தனி விடுதிகளில் வைத்த காலம் அது. பல விடுதிகளுக்குத் தனிச் சிற்றாலயமே உண்டு. ஊர்க்கோயில் சுவரில் அவர்களுக்காகத் துளை போட்டார்கள் என்பது நம்பும்படி இல்லை.

“உலகின் மிகப் பழைய மரக் கட்டடம்” என்ற பட்டமும் வேண்டாம். ஜப்பானின் நாரா அருகே இருக்கும் ஹோர்யூஜி இதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. மரத் தேவாலயங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று என்றால் போதும்.

இடைக்காலத்தோடு கதையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. சங்கம் சேர உறுதிமொழி எடுத்ததற்காக 1834-இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட டோல்பட்டில் கிராமத்துக் கூலி விவசாயிகளில் சிலர், மன்னிப்புப் பெற்றுத் திரும்பியபின் இந்தப் பக்கத்துப் பண்ணைகளில்தான் குடியேறினார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பிரைன், உடன் தண்டிக்கப்பட்ட தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839-இல் மணந்தது இந்தக் கோயிலில்தான்.