தீம் பார்க் அறிவிப்பு வந்தா எப்படி படிக்கணும், எப்ப நம்பணும், எப்ப டிக்கெட் போடணும்: டிஸ்னிலாண்ட் பாரிஸ் ஆளுங்களுக்காக

புது அறிவிப்பு ஒண்ணு வந்தா போதும், நம்ம வாட்ஸ்அப் குரூப்ல அன்னிக்கு யாரும் தூங்க மாட்டாங்க. பாதி பேரு ஹார்ட் போட்டுட்டு இருப்பாங்க, மீதி பேரு "இதுவும் வராது பாரு"ன்னு திட்டிட்டு இருப்பாங்க, நடுவுல யாராவது ஒருத்தர் "அண்ணா இத நம்பி லீவு போடலாமா"ன்னு கேப்பாங்க. அந்த கடைசி கேள்விக்குதான் இந்த பதிவு. நான் பாரிஸ் பக்கம் செட்டில் ஆன பாண்டிச்சேரி ஆளு, ஆர்இஆர் ஏ ரயில்ல கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய் இறங்குனா பார்க் வாசல், அதனால இந்த இடத்தோட நல்லது கெட்டது ரெண்டையும் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், ரொம்ப பிடிச்ச இடம் எனக்கு.

முதல்ல 2018 பிப்ரவரி 27 அறிவிப்ப எடுத்துக்கங்க, இத ஒண்ண ஒழுங்கா புரிஞ்சுகிட்டாலே மத்ததெல்லாம் ஈஸி. அப்ப டிஸ்னி தலைவரா இருந்த பாப் ஐகர் பிரெஞ்சு அதிபர் மக்ரோன பாத்த கையோட சொன்னது என்னன்னா, ரெண்டாவது பார்க்கான வால்ட் டிஸ்னி ஸ்டுடியோஸ்ல 200 கோடி யூரோ போடப்போறோம், மார்வெல் ஏரியா, ஃப்ரோசன் ஏரியா, ஸ்டார் வார்ஸ் ஏரியா மூணும் வரும், நடுவுல பெரிய ஏரி, 2021ல இருந்து ஒவ்வொண்ணா திறப்போம். இப்ப என்ன ஆச்சுன்னு பாருங்க. மார்வெல் 2022 ஜூலை 20ல வந்துச்சு. ஃப்ரோசனுக்கு 2026 மார்ச் 29ன்னு தேதி சொன்னாங்க, அதாவது அறிவிப்புல இருந்து எட்டு வருஷம். ஸ்டார் வார்ஸ் ஏரியா வரவே இல்ல, "கேன்சல் பண்ணிட்டோம்"னு பெருசா ஒரு அறிவிப்பும் கிடையாது, பேச்சு மெதுவா நின்னுடுச்சு, அப்புறம் 2024 ஆகஸ்ட்ல லயன் கிங் ஏரியா வருதுன்னாங்க. ரெண்டாவது பார்க்கோட பேரையே டிஸ்னி அட்வென்சர் வேர்ல்டுன்னு மாத்தறதா சொன்னாங்க. மூணு சொன்னாங்க, ஒண்ணு கிட்டத்தட்ட டைமுக்கு, ஒண்ணு ரொம்ப லேட்டு, ஒண்ணு காணோம். நடுவுல கொரோனா வந்து பார்க்கையே மாசக்கணக்குல மூடுனாங்க, அதையும் கணக்குல எடுக்கணும், எல்லாத்துக்கும் கம்பெனிய மட்டும் குத்தம் சொல்றது நியாயம் இல்ல.

சரி, எப்படி படிக்கறதுன்னு வரேன். அறிவிப்புல படத்த பாக்காதீங்க, வினைச்சொல்ல பாருங்க. "இந்த தேதில திறக்குறோம்"னா ஒரு மாதிரி, "வேலை ஆரம்பிச்சாச்சு"ன்னா ஒரு மாதிரி, "இப்படி பண்ணலாமான்னு யோசிக்கிறோம்"னா அது வேற மாதிரி. 2022ல டி23ன்னு டிஸ்னி தன் ஃபேன்ஸுக்காக நடத்துற விழாவுல மேடையில ஏறி, கோகோ, என்காண்டோ படங்கள வச்சு ஏதாவது வரலாம், வில்லன்களுக்குன்னு ஒரு ஏரியா வரலாம்னு காட்டுனாங்க, அத அவங்களே ப்ளூ ஸ்கை, வெறும் ஐடியா நிலைலதான் இருக்குன்னு தெளிவா சொன்னாங்க, ஆனா அடுத்த நாள் காலைல எல்லா சேனல்லயும் "கன்ஃபார்ம்"னு போட்டுட்டாங்க. அதுல சிலது ரெண்டு வருஷம் கழிச்சு நிஜமாவே அறிவிப்பா வந்துச்சு, அது வேற விஷயம். இன்னொரு பக்கம் 2019ல ஃப்ளோரிடா டிஸ்னியோட எப்காட் பார்க்ல மேரி பாப்பின்ஸ் ரைடு வருதுன்னு உறுதியாவே சொல்லி, அந்த படத்துல நடிச்ச டிக் வான் டைக் மேடைக்கே வந்தாரு, அரங்கமே எழுந்து நின்னு கைதட்டுச்சு, அடுத்த வருஷம் கொரோனால அது கிடப்புல போயிடுச்சு. உறுதியா சொன்னதும் போகும், யோசிக்கிறோம்னு சொன்னதும் வரும், ஆனா எதுக்கு வாய்ப்பு ஜாஸ்தின்னு அந்த வினைச்சொல்லு சொல்லிடும்.

அடுத்து பணம். பெரிய நம்பர பாத்தோன்ன மனசு துள்ளும், எனக்கும்தான். ஆனா எத்தனை வருஷத்துக்கு, எதுக்கெல்லாம் சேத்துன்னு கேளுங்க. 2023 செப்டம்பர்ல டிஸ்னி 6000 கோடி டாலர்னு சொன்னது சுமார் பத்து வருஷத்துக்கு, உலகம் பூரா இருக்கற பார்க்குங்க, அதுக்கு மேல க்ரூஸ் கப்பலுங்க எல்லாம் சேத்து. அதுல பாரிஸுக்கு எவ்வளவுன்னு அந்த நம்பர வச்சு யாராலயும் சொல்ல முடியாது. பாரிஸ் பார்க்கோட கதை இன்னும் கொஞ்சம் வலி உள்ளது. 1992 ஏப்ரல் 12ல திறந்ததுல இருந்தே கடன் தலைக்கு மேல, தனி கம்பெனியா பங்குச்சந்தைல இருந்துச்சு, 2002 மார்ச்ல ரெண்டாவது பார்க் திறந்தப்ப காசு இல்லாம கையளவுல திறந்தாங்க, உள்ள போனா ரைடு எண்ணிக்கை கை விரல்ல அடங்கிடும். 2017ல டிஸ்னி மிச்ச பங்கையும் வாங்கி முழுசா தன் கைக்கு கொண்டுவந்ததுக்கு அப்புறம்தான், அடுத்த வருஷமே, அந்த 200 கோடி யூரோ அறிவிப்பு வந்துச்சு. பணம் யாரு பாக்கெட்ல இருந்து வருதுன்னு மாறும்போதுதான் பார்க்கும் மாறும், இது என் அனுபவத்துல ரொம்ப சரியா இருக்கு. இங்க இருக்கற பழைய ஃபேன்ஸ் எதையும் சட்டுன்னு நம்ப மாட்டாங்கன்னா அதுக்கு 2002தான் காரணம், அவங்கள நெகட்டிவ் ஆளுங்கன்னு ஒதுக்காதீங்க.

மூணாவது, அதே ரைடு வேற ஊர்ல ஏற்கெனவே ஓடுதான்னு பாருங்க. இது ரொம்ப பேரு செய்யறதே இல்ல. ஃப்ரோசன் படகு ரைடு எப்காட்ல 2016ல இருந்து ஓடுது, ஹாங்காங்ல 2023 நவம்பர் 20ல ஃப்ரோசன் ஏரியாவே திறந்துட்டாங்க. முன் சீட்ல இருந்து எடுத்த வீடியோ ஒண்ணு முழுசா பாருங்க, அப்படியே அந்த ஏரியாவ ராத்திரில நடந்து காட்டற வீடியோவும். ஹாங்காங்ல குட்டி பசங்களுக்கு சறுக்கு வண்டி கோஸ்டர் ஒண்ணு இருக்கு, பாரிஸ்ல அது இல்ல, படகு ரைடு மட்டும்தான். இத்தனை வருஷம் காக்க வச்சு ஒரே ஒரு ரைடான்னு கேக்கறவங்க கோவம் நியாயமான கோவம், நானும் அந்த பக்கம்தான். ஆனா அத படம் பாத்து கண்டுபிடிக்க முடியாது, வேற ஊரோட ஒப்பிட்டாதான் தெரியும்.

நாலாவது, மண்ணு தோண்டுறாங்களான்னு பாருங்க. எனக்கு தெரிஞ்சு மூடுற தேதிய விட பெரிய ஆதாரம் கிடையாது. 2019 செப்டம்பர் 1ல ரெண்டாவது பார்க்ல இருந்த ராக் அண்ட் ரோலர் கோஸ்டர் ரைட மார்வெலுக்காக மூடுனாங்க, அன்னிக்கே மார்வெல் நிஜம்னு தெரிஞ்சுபோச்சு. ஓடிட்டு இருக்கற, காசு சம்பாதிச்சு தர்ற ஒண்ண நிறுத்துறாங்கன்னா அவங்க விளையாடல. ஃப்ளோரிடா டிஸ்னில 2025 ஜூலை 6 ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்காங்கற செயற்கை ஆத்தோட கடைசி நாள், கார்ஸ் பட ஏரியாவுக்காக அந்த ஆத்தையே மூடுனாங்க, அதுல ஓடுன படகுல சின்ன வயசுல போனவங்க அன்னிக்கு கரையில நின்னு அழுதாங்க, அது எனக்கு நல்லாவே புரியும். அப்புறம் பிரான்ஸ்ல ஒரு நல்ல விஷயம் இருக்கு, கட்டட அனுமதி வாங்குனா ரோட்ல போறவங்க கண்ணுக்கு தெரியற மாதிரி ஒரு போர்டு வைக்கணும். அதுல அனுமதி நம்பர், தேதி, என்ன கட்டுறாங்க, எத்தனை சதுர மீட்டர், எத்தனை மீட்டர் உயரம், ஃபைல எந்த நகராட்சி ஆபீஸ்ல போய் பாக்கலாம், எல்லாம் எழுதி இருக்கும். நான் எந்த வேலி பக்கம் போனாலும் முதல்ல அந்த போர்டத்தான் தேடுவேன், பசங்க "அப்பா வாங்க"ன்னு சட்டைய இழுப்பாங்க. உயரம்னு போட்டிருக்கற அந்த ஒரு நம்பர், பத்து கான்செப்ட் ஆர்ட்டுக்கு, அதாவது அறிவிப்போட வர்ற கற்பனை படத்துக்கு, சமம்.

இப்ப ஷோ, பரேட், ராத்திரி நிகழ்ச்சி. இத தனியா பேசணும், ஏன்னா ரைட நம்பற மாதிரி இத நம்பக்கூடாது. ரைடு கட்டுனா இருபது வருஷம் நிக்கும், ஷோ அடுத்த சீசன்ல காணாம போகும், பட்ஜெட் இறுக்குனா முதல் கத்தரி அங்கதான் விழும். கோட்டை மேல ஓடுன ட்ரீம்ஸ் ஷோ 2012ல இருபதாவது வருஷ கொண்டாட்டத்துக்கு வந்துச்சு, 2017ல நிறுத்துனாங்க, ஃபேன்ஸ் விடாம கேட்டாங்க, 2023 ஏப்ரல்ல திரும்ப வந்துச்சு, 2025 ஜனவரில டேல்ஸ் ஆஃப் மேஜிக் வந்து அத மாத்திடுச்சு. ட்ரீம்ஸோட கடைசி வாரத்துல ஒரு ராத்திரி என் சின்ன பொண்ண தோள்ல தூக்கி வச்சுட்டு நின்னேன், குளிர்ல அவ கை ரெண்டும் என் காத பொத்திட்டு இருந்துச்சு, அந்த கையையும் மீறி பாட்டு கேட்டுச்சு. அதனால புது ஷோ அறிவிப்பு வந்தா நான் நாலு விஷயம் பாப்பேன்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை, வருஷம் பூராவா இல்ல சீசனுக்கு மட்டுமா, பாடறது மேடைல நிக்கற ஆளா இல்ல ரெக்கார்டா, உக்கார இடம் இருக்கா. 2019ல வந்த லயன் கிங் மேடை ஷோ இந்த நாலுலயும் நல்லா இருந்ததாலதான் ஊர்ல இருந்து யாரு வந்தாலும் முதல்ல அங்கதான் கூட்டிட்டு போவேன். புது ஏரி மேல வர்ற ட்ரோன் ஷோவையும் இதே கேள்விய வச்சுதான் பாக்கணும். ட்ரோன்னா காத்து அடிச்சா கேன்சல், இத இந்த ஊர்ல இருக்கறவங்களுக்கு சொல்லவே வேண்டாம்.

பிடிக்கலன்னா எப்படி சொல்றதுன்னும் சொல்லிடறேன். ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சு எழுதுங்க. "குப்பை"ன்னு எழுதுனா யாருக்கும் பிரயோஜனம் இல்ல, எந்த ஷோ, எந்த தேதி, எத்தனை மணி, என்ன குறைஞ்சுச்சுன்னு நாலு வரி பிரெஞ்சுலயோ இங்கிலீஷ்லயோ எழுதுங்க, விசிட் முடிஞ்சு மெயில்ல சர்வே வந்தா அத டெலீட் பண்ணாம ரொப்புங்க. ஃபேன்ஸ் ஆசை வீண் போகாதுன்னு காட்ட ஃபேன்டம் மேனர்ங்கற பேய் பங்களா ரைடு இருக்கு. அதுக்கு முதல்ல குரல் கொடுத்தது பழைய ஹாலிவுட் திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸ், ஆனா அந்த இங்கிலீஷ் குரல எடுத்துட்டு பிரெஞ்சு குரல போட்டுட்டாங்க, வருஷக்கணக்கா ஃபேன்ஸ் அதையே பேசிட்டு இருந்தாங்க, 2019ல புதுப்பிச்சு திறந்தப்ப அந்த மனுஷன் குரல் இருட்டுல திரும்ப ஒலிச்சுச்சு. ஒண்ணு மட்டும் வேண்டவே வேண்டாம், வாசல்ல நிக்கற ஊழியர்கிட்ட கோவத்த காட்டாதீங்க. 2023 மே, ஜூன்ல அவங்களே சம்பளம் பத்தலன்னு பார்க்குக்குள்ள ஊர்வலம் போனாங்க, பரேடெல்லாம் நின்னுச்சு, நிறைய விசிட்டர்ஸ் அவங்கள திட்டுனாங்க. எத்தனை கோடி இன்வெஸ்ட்மென்ட்னு கேக்கறப்ப அந்த காசு இவங்க கைக்கும் வருதான்னு நாம கேக்கணும், பரேட்ல ஆடறதும் இவங்கதான்.

கடைசியா டிக்கெட். என் சித்தி மகன் 2023ல குடும்பத்தோட வந்தான். ஏதோ ஒரு வீடியோ சேனல்ல கான்செப்ட் ஆர்ட்ட தம்ப்நெயிலா போட்டு ஃப்ரோசன் திறந்தாச்சுன்னு சொன்னத நம்பி ரீஃபண்ட் இல்லாத ரூம் போட்டுட்டான், எங்கிட்ட சொல்லவே இல்ல, சர்ப்ரைஸாம். அவனோட அஞ்சு வயசு பொண்ணு ஃப்ரோசன் படத்து எல்சா டிரஸ்ல வேலி முன்னாடி நின்னா, அந்தப்பக்கம் மண்ணும் கிரேனும். "கோட்டை எங்க பெரியப்பா?"ன்னு கேட்டா, எனக்கு பதில் வரல.

அதனால ஊர்ல இருந்து வர்றவங்க இப்படி பண்ணுங்க. பார்க்கோட சொந்த வெப்சைட்ல நாள், மாசம், வருஷம் மூணும் போட்ட தேதி வர்ற வரைக்கும் ஃப்ளைட்ட தொடாதீங்க, "2026"ன்னு மட்டும் இருந்தா அது டிசம்பராகவும் இருக்கலாம். திறந்த முதல் ரெண்டு மாசம் வேண்டாம், ரைடு அடிக்கடி நிக்கும், க்யூ தாங்காது. பிரெஞ்சு ஸ்கூல் லீவையும் பாத்துக்கங்க, மூணு மண்டலமா பிரிச்சு லீவு விடுவாங்க, மூணுமே ஸ்கூல் இருக்கற செவ்வாய், வியாழன் கிடைச்சா ரொம்ப நல்லது. விசாவுக்கு சீக்கிரமே அப்ளை பண்ணுங்க, ரூம் மட்டும் கேன்சல் பண்ற மாதிரி போடுங்க. லயன் கிங் ரைடுக்காக காத்திருக்கறவங்க அவசரமே படாதீங்க, 2025 இலையுதிர் காலத்துலதான் வேலை ஆரம்பிக்கும்னு சொன்னாங்க, இந்த மாதிரி தண்ணி ரைடு கட்ட வருஷக்கணக்கு ஆகும்.

சித்தி மகன் இப்ப திரும்ப வர பிளான் போடறான். இந்த தடவை முதல் போன் எனக்குத்தான் வந்துச்சு. அந்த எல்சா டிரஸ் அவளுக்கு இப்ப முட்டி வரைக்கும்தான் வருதாம், புதுசு ஒண்ணு தைக்க கொடுத்திருக்காங்க.