நடைவண்டி வாங்கும் முன்

குழந்தை கட்டிலையோ சுவரையோ பிடித்து எழுந்து, பக்கவாட்டில் நாலு அடி வைக்கத் தொடங்கிய பிறகு நடைவண்டி வாங்கினால் போதும். அதற்கு முன் அவசரமில்லை.

கடையில் முதலில் கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். பிள்ளை தன் பாரம் முழுவதையும் அதில்தான் போடும். அழுத்தியதும் முன்சக்கரம் தூக்கினால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். கைப்பிடி குழந்தையின் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே வந்தால் சரி. மரவண்டி என்றால் விரலால் தடவி, சிலாம்போ ஆணித்தலையோ துருத்துகிறதா என்று பாருங்கள்.

டைல்ஸ் தரையில் வண்டி முன்னால் ஓடிவிடும், பிள்ளை குப்புற விழும். சக்கரத்தில் ரப்பர் பட்டை உள்ளதாக எடுங்கள். அடித்தட்டு இருந்தால் ஒரு கிலோ அரிசிப் பை இரண்டை அதில் கட்டி வையுங்கள், வேகம் அடங்கும். அப்புறம், சாக்ஸ் வேண்டாம்; வெறுங்காலுக்குத்தான் பிடிமானம்.

உட்கார வைத்து ஓட விடும் வட்ட வாக்கர் வேறு. அதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்து உண்டு. கனடாவில் 2004லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். நடைவண்டியே ஆனாலும் மாடிப்படிப் பக்கம் கதவைச் சாத்திவிட்டு, ஒருவர் கூடவே இருங்கள்.