"தொண்ணூறு ஒயில் ஒண்டு தாங்க"

மட்டக்களப்பில் எந்த உதிரிப்பாகக் கடையிலும் அரைமணி நேரம் நின்று பாருங்கள், யாராவது வந்து "தொண்ணூறு ஒயில் ஒண்டு தாங்க" என்பார். கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பார். இந்தக் கியர் ஒயில் கியர் பெட்டிக்கா, பின் சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரென்ஷலுக்கா என்ற பேச்சே வராது. என் பழைய டொல்பின் வானுக்கு நானும் அப்படித்தான் வாங்கினேன். சில மாதத்தில், 60 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டதும் பின்னாலிருந்து ஒரு ஊளைச் சத்தம். வெறும் போத்தலைத் தேடியெடுத்துப் பார்த்தால் 90 சரிதான்; அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஜிஎல்-4.

90 என்பது ஒயிலின் தடிப்பு மட்டும். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைச் சொல்வது ஜிஎல் எண். பின் டிஃபரென்ஷலில் பெரும்பாலும் இருப்பது ஹைபொய்ட் கியர். அதில் பினியன் என்ற சின்னக் கியர், கிரவுன் வீல் என்ற பெரிய கியரின் நடுவுக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். அதனால் பற்கள் உருளுவதோடு வழுக்கியும் உரசுகின்றன. அந்த உரசலில் ஒயில் படலம் அறுந்தால், பல்லைக் காப்பது ஒயிலில் கலந்த கந்தக, பொசுபரசுச் சேர்மங்கள்தான். கியர் ஒயிலின் அந்தக் கெட்ட நாற்றமும் இந்தக் கந்தகத்தால்தான். இந்தச் சேர்மங்கள் ஜிஎல்-5 இல் இருப்பதில் ஏறத்தாழ அரைவாசிதான் ஜிஎல்-4 இல் இருக்கும்.

சரி, எல்லாவற்றுக்கும் ஜிஎல்-5 ஊற்றிவிடலாமா? அதுவும் பிழை. கியர் பெட்டியில், கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் இருந்தால் ஜிஎல்-5 அவற்றுக்கு ஒத்துவராமல் போகலாம். வாகனத்தின் கைநூல் கேட்பதைத்தான் ஊற்ற வேண்டும்.

படுவான்கரைப் பக்கம் இன்னொரு பழக்கம் உண்டு. வேளாண்மை வெட்டி முடிந்ததும், உழவு இயந்திரத்துக்கு வாங்கிய வாளியில் மிச்சம் கிடக்கும் ஒயிலை வானுக்கு ஊற்றுவது. அது ஹைட்ரோலிக்குக்கும் ஒயிலில் நனைந்த பிரேக்குக்கும் சேர்த்துச் செய்த ஒயில். ஹைபொய்ட் பல்லுக்குப் போதாது.

ஊளை கேட்டதும் "140 ஊத்துங்க, அடங்கிடும்" என்று ஒருவர் சொன்னார். 90ஐவிடத் தடிப்பான அந்த ஒயிலை ஊற்றினேன், கொஞ்சம் அடங்கியது. ஆனால் சத்தம்தான் குறைந்தது, தேய்மானம் அல்ல. வடித்துப் பார்த்தபோது பிளக்கின் காந்தத்தில் விரல் நுனி அளவு செதில்கள். மை போன்ற சாம்பல் பசை ஒட்டியிருந்தால் கவலையில்லை. செதில் வந்தால் பல் போகிறது என்று அர்த்தம். கிரவுனும் பினியனும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். செலவைக் கேட்காதீர்கள். போத்தலில் 90க்கு முன்னால் இருக்கும் எண் 75டபிள்யூவா 80டபிள்யூவா என்று மட்டும் இங்கே மண்டையை உடைக்கத் தேவையில்லை, அது கடுங்குளிர் நாட்டுக் கணக்கு.

எல்எஸ்டி (ஒரு சில்லு மட்டும் வீணாய்ச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை) என்று குறித்த டிஃபரென்ஷல் என்றால் அதற்குரிய ஒயிலே வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் திரும்பும்போது பின்பக்கம் கடகடக்கும்.

மாரியில் கிரான் பக்கம் வெள்ளத்துக்குள் ஓடியவர்கள், எந்த நல்ல ஒயில் ஊற்றியிருந்தாலும் திறந்து பாருங்கள். சூடான டிஃபரென்ஷலின் ஹவுசிங், அதாவது வெளிக்கூடு, தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துவாரம் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுக்கும். விரலை விட்டுப் பார்க்கும்போது பால் தேத்தண்ணி நிறம் தெரிந்தால், போன மாதம் மாற்றியதென்றாலும் முழுவதும் வடிக்க வேண்டும். ஆனால் வடிக்கும் பிளக்கைத் தொடுமுன் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருவேறி இறுகியிருந்தால், ஒயில் இல்லாத வான் முற்றத்திலேயே நிற்கும்.