கருவின் சிறுநீர்ப்பை, சிறுநீரகம்: ஸ்கேனில் பார்ப்பது எப்படி?
கருவின் இடுப்பை ஸ்கேனில் குறுக்குவெட்டாகப் பார்த்தால் சிறுநீர்ப்பை கருப்பாகத் தெரியும். வேறு நீர்க்கட்டியோ என்று சந்தேகமா? ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரைப் போடுங்கள். தொப்புள்கொடித் தமனிகள் இரண்டும் பையின் இருபுறமும் ஒட்டி ஓடும். பை காலியாக இருந்தால் பதறத் தேவையில்லை, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். 11–13 வாரத்தில் அதன் நீளம் 7 மி.மீ.யைத் தொட்டாலே அதிகம்தான்.

சிறுநீரகத்தில்தான் அளவு பிசகும். முதுகெலும்பு, கடிகார முள்ளைப் போல, 12 மணி (நேர் மேலே) அல்லது 6 மணி (நேர் கீழே) நிலையில் நிற்கும்படி குறுக்குவெட்டுப் படம் எடுங்கள்; சாய்ந்த வெட்டில் எண் தப்பாக வரும். சிறுநீரக பெல்விஸின் (சிறுநீரகத்தில் சிறுநீர் சேரும் குழிவின்) முன்-பின் விட்டத்தைச் சிறுநீரகத் திசுவுக்குள்ளேயே அளக்கவும். வெளியே துருத்தும் பகுதியைச் சேர்த்தால் இல்லாத வீக்கம் முளைத்துவிடும்! 16–27 வாரத்தில் 4 மி.மீ.க்குக் கீழும், 28க்குப் பிறகு 7 மி.மீ.க்குக் கீழும் இயல்பு. பனிக்குட நீரின் அளவையும் கூடவே குறியுங்கள்.