முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு பக்கம்

வாழ்நாளில் ஒரு புத்தகமாவது எழுதிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, முதல் அத்தியாயத்தில் கை வைக்காதீர்கள் என்பதுதான். உங்கள் புத்தகத்தை யார் எடுத்துப் படிப்பார், எந்த நிலைமையில் படிப்பார், எதைத் தேடிப் படிப்பார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் அந்தப் பக்கத்தை வைத்துத்தான்.

நான் டயாலிசிஸ் பிரிவில் செவிலியர். நோயாளியை உள்ளே அனுப்பிவிட்டு நான்கு மணி நேரம் வெளியே காத்திருக்கிறார்களே, அந்த வீட்டுக்காரர்களுக்காக எழுதினேன். வாரத்துக்கு மூன்று முறை வருகிறவர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாம், ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) உள்ள கையில் ஏன் பிரஷர் பார்க்கக் கூடாது, வெளியூர் போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு கேள்விக்கு ஒரு அட்டை என்று எழுதி, எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். அந்தக் கேள்விகள் அவர்கள் மனதில் எந்த வரிசையில் எழுமோ அந்த வரிசையில் அடுக்கினேன். பாடப்புத்தகம் என்றால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தொடங்கும். என் புத்தகத்தில் அது ஐந்தாவது அத்தியாயம். முதல் நாள் பயத்தோடு வருகிறவருக்கு வலிக்குமா, உள்ளே என்ன செய்வார்கள் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

கதை எழுதுகிறவர்கள் அட்டையில் கேள்விக்குப் பதிலாக ஒரு காட்சியை எழுதலாம். காட்சி முடியும்போது யாருக்கு என்ன மாறியிருக்கிறது என்று அட்டையின் பின்புறம் குறியுங்கள். பின்புறம் காலியாக இருந்தால் அந்தக் காட்சி வேண்டுமா என்று யோசியுங்கள்.

சரி, எவ்வளவு எழுத வேண்டும்? ஆங்கிலத்தில் சொல்லும் சொல் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் சொற்கள் சேர்ந்து நீளும், அதே விஷயத்துக்குக் குறைவான சொற்களே ஆகும். பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்று வைத்தால், 35,000 சொல்லில் 175 பக்கம் வரும். முதல் புத்தகத்துக்கு அது நல்ல அளவு. நாளுக்கு 250 சொல், வாரத்தில் ஐந்து நாள் என்றால் 28 வாரம், அதாவது ஏழு மாதத்துக்குள் முதல் வரைவு முடியும்.

எனக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் இத்தனை மணிக்கு என்று வைத்துக்கொள்ள முடியாது. தூங்கி எழுந்ததும், போனைத் தொடுவதற்கு முன் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்களில் எனக்கு நெருக்கமாகத் தோன்றுபவர் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப். தபால் துறை ஊழியரான அவர், கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதினார். அந்த வேகம் நமக்கு வேண்டாம். ஆனால் அவர் தினமும் முதல் அரை மணி நேரம், முந்தைய நாள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் தொடங்கினார். அதை எடுத்துக்கொள்ளுங்கள், நமக்குப் பத்து நிமிடம் போதும். எழுதி முடித்து எழுந்திருக்கும் முன், நாளைக்கு எதைப் பற்றி எழுதுவது என்று ஒரு வரி குறித்து வையுங்கள்.

எழுதும் நடுவில் ஒரு அளவோ தேதியோ தெரியாவிட்டால் தேடப் போகாதீர்கள். அந்த இடத்தில் ### போட்டுவிட்டு மேலே போங்கள். அப்புறம் அந்தக் குறியைத் தேடினால் சரிபார்க்க வேண்டியவை எல்லாம் கிடைத்துவிடும்.

நிஜ மனிதர்களைப் பற்றி எழுதும்போது பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வயது, தொழில், குடும்பம் எல்லாம் அப்படியே இருந்தால் அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். முடிந்தால் அனுமதி கேளுங்கள். முடியாவிட்டால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள். இதில் நான் கண்டிப்பானவள். நம்மை நம்பித்தான் அவர்கள் பேசினார்கள்.

முதல் வரைவு முடிந்ததும் மூன்று வாரம் தொடாமல் வைத்திருங்கள். பிறகு அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு வாங்கும் வாக்கியங்களை உடையுங்கள். அடுத்து இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் துறை தெரிந்தவர்; என் பிரதியில் மருந்து, அளவு எல்லாவற்றையும் ஒரு சிறுநீரக மருத்துவர் பார்த்தார். இன்னொருவர் நீங்கள் அந்த முதல் பக்கத்தில் எழுதிய வாசகர். நன்றாக இருக்கிறதா என்று அவரைக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். எங்கே படிப்பதை நிறுத்தினீர்கள், எந்த இடத்தை இரண்டாம் முறை படித்தீர்கள் என்று கேளுங்கள்.

பதிப்பகத்துக்கு அனுப்புவதானால் நாவலை முழுதாக முடித்துவிட்டு அனுப்புங்கள். கட்டுரை நூலுக்குப் பல பதிப்பகங்கள் சுருக்கமும் பொருளடக்கமும் மாதிரி அத்தியாயமும் கேட்கும். ஒப்பந்தத்தில் உரிமை எத்தனை வருடத்துக்கு, மின்நூலும் மொழிபெயர்ப்பும் அதில் சேருமா என்று பார்த்த பிறகே கையெழுத்து. நீங்களே வெளியிடுவதானால் மெய்ப்பு பார்க்க வேறு ஒருவரை அமர்த்துங்கள். எழுதியவர் கண்ணுக்குச் சொந்தப் பிழை தெரியாது. அச்சு நூலுக்கும் மின்நூலுக்கும் தனித்தனி ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) வாங்க வேண்டும். பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு பொருளடக்கத்தின் பக்க எண்களை ஒருமுறை சரிபாருங்கள். பெரும்பாலும் அவை நகர்ந்திருக்கும்.