வேகம் இல்லாத ஸ்ட்ரைக்கருக்கு: ஒலிவியே ஜிரூவைப் பார்த்துக் கற்றுக்கொள்வது எப்படி

கால்பந்தில் ஸ்ட்ரைக்கராக, அதாவது முன்னால் நின்று கோல் அடிப்பவராக ஆட ஆசை, ஆனால் ஓட்டத்தில் டிஃபெண்டரை முந்த முடியவில்லை என்றால் எம்பாப்பே வீடியோக்களைப் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். அதற்குப் பதிலாக ஒலிவியே ஜிரூவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் ஆண்கள் அணிக்காக 137 ஆட்டங்களில் 57 கோல் அடித்தவர். தியெரி ஆன்றியின் 51 கோல் சாதனையை 2022 உலகக் கோப்பையில் போலந்துக்கு எதிராகத் தாண்டியவர். இத்தனைக்கும் யாரையும் ஓடி முந்தியவர் இல்லை, பந்தோடு நான்கு பேரைக் கடந்து போனவரும் இல்லை. அவர் செய்வதில் பெரும்பகுதி பயிற்சியால் வரக்கூடியது, அதனால்தான் அவரைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோக்களில் ஜிரூவைக் கற்க முடியாது. முழு ஆட்டத்தைப் போடுங்கள், பந்தை மறந்துவிட்டு அவரை மட்டும் இருபது நிமிடம் பாருங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். டிஃபெண்டர் முதுகில் ஒட்டி நிற்கும்போது அவரிடம் பந்து எத்தனை முறை வந்தது, அதில் எத்தனை முறை தன் அணிக்காரரிடமே திரும்பிப் போனது, எத்தனை முறை எதிரணியை ஃபவுல் செய்ய வைத்தார், அவர் ஓடியதால் எந்த டிஃபெண்டர் எந்த இடத்தைக் காலியாக விட்டார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசியாகச் சொன்னது ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாது. பார்க்கப் பார்க்கத்தான் பிடிபடும்.

எதிலிருந்து தொடங்குவது? 2018 உலகக் கோப்பையிலிருந்துதான். ஏழு ஆட்டம், 546 நிமிடம், கோலை நோக்கி நேராகப் போன ஷாட் ஒன்றுகூட இல்லை. இதை வைத்து அவரைக் கிண்டல் செய்தவர்கள் ஏராளம், ஆனால் அந்தக் கிண்டலில் ஆட்டத்தைப் பற்றிய புரிதல் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்திரேலியாவுடனான முதல் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். பயிற்சியாளர் தெஷாம் அன்று எம்பாப்பே, கிரீஸ்மான், டெம்பெலே என்று மூன்று வேகக்காரர்களோடு தொடங்கினார், ஜிரூ பெஞ்சில். மூன்று பேரும் ஓடத் தயார், ஆனால் பந்தை வாங்கி நிறுத்திக் கொடுக்க நடுவில் ஆளில்லை, தாக்குதல் ஒட்டவே இல்லை. 70ஆவது நிமிடத்தில் ஜிரூ வந்தார். 81ஆவது நிமிடத்தில் போக்பா அவரிடம் கொடுத்துத் திரும்ப வாங்கி முன்னேறினார், பந்து டிஃபெண்டர் காலில் பட்டு வலைக்குள் போனது, பிரான்ஸ் 2-1. அடுத்த ஆட்டத்திலிருந்து ஃபைனல் வரை ஜிரூ தொடக்க அணியிலேயே இருந்தார். அர்ஜென்டினாவுடனான ஆட்டத்தில் எம்பாப்பேயின் இரண்டாவது கோலையும் இதே கண்ணோடு பாருங்கள், கடைசி பாஸ் ஜிரூவுடையது. ஒரே டச், அவ்வளவுதான்.

அந்த ஒரு டச்சை எப்படிப் பழகுவது என்பதுதான் இந்தக் குறிப்பில் முக்கியமான பகுதி, அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். பந்து உங்களை நோக்கிக் கிளம்புவதற்கு முன்பே இரண்டு முறை தோளுக்கு மேலாகப் பின்னால் பாருங்கள், டிஃபெண்டர் எந்தத் தோள்பக்கம் நிற்கிறார் என்பதற்கு ஒருமுறை, உங்கள் ஆள் யார் ஓடி வருகிறார் என்பதற்கு ஒருமுறை. கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நில்லுங்கள். நிமிர்ந்து நின்றால் எவ்வளவு உயரமானவராக இருந்தாலும் ஒரு தள்ளில் சாய்ந்துவிடுவீர்கள். முன்னங்கை டிஃபெண்டரைத் தொட்டு உணர மட்டும். சட்டையைப் பிடித்தால் ஃபவுல், முழங்கையை உயர்த்தினால் கார்டு. பந்தை எப்போதும் டிஃபெண்டருக்கு எட்டாத காலில் வாங்குங்கள், கோலைப் பார்த்தபடி ஓடி வருகிற ஆளுக்கு முதல் டச்சிலேயே விடுங்கள். திரும்ப ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு நண்பரை முதுகில் தள்ளச் சொல்லி, இன்னொருவரைப் பந்து போடச் சொல்லி, மூன்றாவது ஆள் ஓடி வர, இதையே திரும்பத் திரும்பச் செய்தால் போதும், பெரிய மைதானம்கூடத் தேவையில்லை.

இதன் உச்சம் எப்படி இருக்கும் என்று தெரிய 2013 அக்டோபரில் ஜிரூ அப்போது ஆடிய ஆர்சனல் அணி நார்விச்சுக்கு எதிராக அடித்த கோலைப் பாருங்கள். கசோர்லா, வில்ஷியர், ஜிரூ மூவரும் நெரிசலுக்குள் ஒற்றை டச்சில் பந்தை மாற்றிக்கொண்டே போகிறார்கள், கடைசியில் ஜிரூ இடது காலால் லேசாகத் தட்டிவிட வில்ஷியர் அடிக்கிறார். எனக்குப் பிடித்த ஜிரூ தருணம் இதுதான், 2017 ஜனவரி 1 அன்று கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராகக் குதிகாலால் தலைக்கு மேலாக அடித்த, ஆண்டின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது வாங்கிய அந்த ஸ்கார்பியன் கோலைவிடவும் பிடிக்கும். அந்தக் கோல் அழகுதான், சந்தேகமில்லை, ஆனால் அதை யாரும் திட்டமிட்டுப் பழக முடியாது.

அப்புறம் கிராஸ், அதாவது பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் போடும் பந்து. இதற்கு 2019 மே மாதம் பாகுவில் நடந்த யூரோப்பா லீக் ஃபைனல். செல்சிக்காக, தன் பழைய அணியான ஆர்சனலுக்கு எதிராக ஆடினார். எமர்சன் இடப்பக்கத்திலிருந்து பந்து போடுவதற்குச் சற்று முன்பிருந்து ஓடவிட்டு, ஜிரூவின் கால்களை மட்டும் பாருங்கள். பந்து கிளம்பிய பிறகுதான் டிஃபெண்டருக்கு முன்னால் வெட்டி வந்து தாழ்வாகப் பாய்ந்து முட்டுகிறார். சீக்கிரம் ஓடியிருந்தால் டிஃபெண்டரும் கூடவே வந்திருப்பார். அதே ஆட்டத்தில் ஒரு பெனால்டியும் வாங்கிக் கொடுத்தார், ஹசார்டின் கடைசி கோலுக்குப் பாஸும் அவருடையதே, செல்சி 4-1. அந்த சீசனின் யூரோப்பா லீக்கில் 11 கோலோடு முதலிடம் அவருக்கு. பழகும்போது கிராஸ் போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அவர் தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கும் நொடியில்தான் நீங்கள் கிளம்ப வேண்டும். தலையால் முட்டும் பயிற்சி சிறு பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 10 வயதுக்குட்பட்டவர்கள் தலையால் முட்டத் தடையே இருக்கிறது, காரணம் மூளைப் பாதிப்பு பற்றிய கவலை. அவர்களுக்கு ஓட்டத்தின் நேரத்தை மட்டும் சொல்லிக்கொடுங்கள், காலால் முடிக்கட்டும்.

திரும்பவே கூடாதா என்றால், எப்போதாவது திரும்பலாம். 2022 பிப்ரவரியில், அதே ஊர் அணியான இன்டருக்கு எதிரான மிலன் டெர்பியில் ஜிரூ அப்போது ஆடிய ஏசி மிலன் 0-1 பின்தங்கியிருந்தது. 75ஆவது நிமிடத்தில் ஜிரூ சமன் செய்தார், 78ஆவது நிமிடத்தில் கலாப்ரியாவின் பாஸை வாங்கி இன்டர் டிஃபெண்டர் டெ ஃப்ரைய்யைத் திரும்பிக் கடந்து இடது காலால் முடித்தார். எப்போதும் திருப்பிக் கொடுப்பவர் என்ற பெயர் இருந்தால்தான் அந்த ஒரு திருப்பத்தை டிஃபெண்டர் எதிர்பார்க்க மாட்டார். மே 22ஆம் தேதி சசுவோலோவுக்கு எதிராக மேலும் இரண்டு கோல், 2011க்குப் பிறகு மிலனுக்கு முதல் லீக் பட்டம், அப்போது அவருக்கு வயது 35.

வயதைச் சொன்னதால் அவருடைய பாதையையும் தெரிந்துகொள்ளுங்கள், இளம் வயதிலேயே மனம் விடுபவர்களுக்கு இது தேவை. ஷாம்பெரியில் பிறந்து, கிரெனோபிள் அணியில் வளர்ந்து, 21 வயதில் மூன்றாம் டிவிஷனில் இருந்த இஸ்த்ரில் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டாம் டிவிஷனில் டூர், அங்கே 2009-10 சீசனில் 21 கோல். அதன்பின் மோன்பெலியே. 2011-12இல் கத்தார் பணம் வந்திறங்கிய பாரிஸ் அணியான பிஎஸ்ஜியை மூன்று புள்ளிகளில் பின்தள்ளி மோன்பெலியே முதன்முறையாக லீக் பட்டம் வென்றது, ஜிரூ மறுபடி 21 கோல். பிஎஸ்ஜியின் நெனேவும் அதே எண்ணிக்கைதான், பெனால்டி இல்லாத கோல்கள் அதிகம் என்பதால் அதிக கோல் அடித்தவருக்கான விருது ஜிரூவுக்கு. பிரான்ஸ் அணிக்கு முதன்முதலாக ஆடியபோது 25 வயது. பிரான்ஸின் இன்னொரு ஸ்ட்ரைக்கரான பென்சிமா 2020இல் தன்னை ஃபார்முலா ஒன் காருக்கும் ஜிரூவைச் சிறிய பந்தய வண்டியான கோ-கார்ட்டுக்கும் ஒப்பிட்டது பெரிய செய்தியானது. திறமையில் பென்சிமா மேல், அதை மறுக்கவில்லை. ஆனால் எம்பாப்பேக்கும் கிரீஸ்மானுக்கும் பக்கத்தில் யார் நின்றால் அவர்கள் இருவரும் நன்றாக ஆடுவார்கள் என்ற கேள்விக்கு ஜிரூவும் நல்ல பதில்தான்.

பார்க்கும் வரிசையில் கடைசியாக இரண்டு ஆட்டங்களை வைத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் செல்சிக்காக செவியாவுக்கு எதிராக நான்கு கோல்: இடது கால், வலது கால், தலை, பெனால்டி, எல்லாமே ஒரே இரவில். இன்னொன்று 2022 உலகக் கோப்பைக் கால் இறுதி, இங்கிலாந்துக்கு எதிராக. 77ஆவது நிமிடத்தில் அவர் அடித்ததை கோல்கீப்பர் பிக்ஃபோர்டு தடுக்கிறார், அடுத்த நிமிடமே கிரீஸ்மானின் கிராஸில் டிஃபெண்டர் மக்வாயருக்கு முன்னால் வந்து தலையால் முட்டி 2-1 ஆக்குகிறார். அந்த இரண்டு முயற்சிகளுக்கும் இடைப்பட்ட ஒரு நிமிடத்தை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். வாய்ப்பு போன பிறகு எங்கே போய் நிற்கிறார், யாரைப் பார்க்கிறார், எந்த டிஃபெண்டரின் பக்கம் நகர்கிறார் என்று தாளில் எழுதுங்கள். மறுநாள் பயிற்சியில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டதும் அதே இடத்துக்குப் போய் நில்லுங்கள்.