மணற்காட்டில் சரியான என் மணல் அடி

துபாயில் வேலை செய்யும்போதுதான் கோல்ஃப் பழகினேன். பாலைவன மைதானத்தில் பந்து புல்லைவிட்டு விலகினால் மணல்தான். அங்கே விழுந்தால் எனக்கு நாலைந்து அடி வீண். ஒன்றில் மட்டை புதையும், இல்லையென்றால் பந்து கிரீனை (குழி இருக்கும் குட்டைப் புல்தரையை) தாண்டிப் பறக்கும்.

விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்தபோது, முகம் 56 பாகை சாய்ந்த சாண்ட் வெட்ஜ் என்ற மணல் மட்டையுடன் வடமராட்சி மணற்காட்டுக்குப் போனேன். சவுக்கு மரங்களுக்கு அப்பால், ஆளில்லாத ஒரு மணல்மேடு. தடியால் கோடு கிழித்து, பந்தில்லாமல் அந்தக் கோட்டையே அடித்துப் பார்த்தேன். கூட வந்த தம்பி, "அண்ணை, மட்டையின்ர விளிம்பு கிண்டுது" என்றான். அதுதான் பிழை. மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து பிடித்ததும், அடிப்பாகத்தின் வளைவு மணலில் வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் கோட்டுக்கு 2 அங்குலம் முன்னால் பந்தை வைத்தேன். பந்தை விட்டுவிட்டு மணலை அடித்து, பாதியில் நிறுத்தாமல் வீசினால், மணலே பந்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. என்ன சந்தோஷம்!

திரும்பிப்போய் ஆடிய முதல் சுற்றிலேயே பலன் தெரிந்தது. ஒன்று கவனம்: பங்கருக்குள், அதாவது மைதானத்தில் தடையாக அமைத்த மணற்குழிக்குள், ஒத்திகை வீச்சில் மணலைத் தொட்டால், அடிகளை எண்ணும் ஆட்டத்தில் 2 அடி தண்டம். பங்கர் அல்லாத வெறும் பாலை மணலில் அந்தத் தடை இல்லை.